தகுதிப் பட்டியல்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நமது தெருவில் இன்று முதல் எவரும் சந்தேகப்படும்படி நடமாடக் கூடாது. அவ்வாறு நடமாட வேண்டிய அவசியம் உள்ளவர்கள் தெருக் காவல் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும்.

இதைச் சிவப்பு மசியில் எழுதி, தன் வீட்டு இரும்புக் கேட்டில் கம்பியால் கட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார் தலைவர். 'தலைவர்' என்ற சொல் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சுற்று பெரிதாக விழுந்திருந்தது. தற்செயலாகத்தான்.

"சந்தேகப்படற மாதிரி நடமாடறவன் உங்ககிட்ட வந்து பர்மிஷன் கேப்பானா?" என்றாள் மனைவி, துவைத்த போர்வையை உதறிக்கொண்டே.

"கேக்கலன்னா அவன்தான்னு உறுதியாயிடும். அதுதான் டெக்னிக்."

மனைவி போர்வையை இன்னொரு முறை உதறினாள். இந்த முறை தண்ணீர் அறிவிப்பின்மேல் தெறித்து, 'ஒப்புதல்' கரைந்து ஓடியது.

தலைவர் முப்பத்தோரு வருடம் ஒரு கிடங்கில் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர். கண்காணிப்பாளர்கள் ஏழு பேர் வந்து போனார்கள். துணை துணையாகவே இருந்தது. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கேடயத்தில்கூட 'துணை' என்பதைத்தான் ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொதுமக்களும் காவல்துறையும் ஒத்துழைக்கும் திட்டத்தில், தகுதி வரிசைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட பதினோரு பேர் கொண்ட தெருக் காவல் குழுவுக்குத் தாங்களே தலைவர்.

நூற்றிருபது வீடுகள் உள்ள தெரு. அதில் தகுதி வரிசையில் முதல் ஆள். கடிதத்துக்குச் சட்டம் போட்டு, கேடயம் இருந்த ஆணியில், கேடயம் தெரியாதபடி மாட்டினார்.

தகுதி சும்மா வரவில்லை. யாரும் கேட்காமலே இரண்டு வருடமாகத் தெருவில் நிற்கும் கார்களின் எண்களை நோட்டில் குறித்து வருகிறவர் அவர். மதிய வேளையில் ஒவ்வொரு கேட்டாக ஆட்டிப் பார்த்து, பூட்டியிருக்கிறதா என்று சோதிக்கிறவர். எந்தச் சுவரைத் திருடன் எளிதாகத் தாண்டலாம் என்பதைச் சாண் போட்டு அளந்து வைத்திருக்கிறவர். மற்ற பத்துப் பேரும் சளைத்தவர்கள் அல்ல. துணைத்தலைவரான பல் டாக்டர் மாடியில் பைனாகுலர் வைத்திருந்தார். பறவைகளைப் பார்ப்பதற்கு என்றார். அந்தப் பறவைகள் எதிர் வரிசை வீட்டு ஜன்னல்களில்தான் வசித்தன. பாட்டு டீச்சர் நாயை நடக்கக் கூட்டிப்போகும் சாக்கில், தபால் பெட்டிகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கடிதங்கள் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கின்றனவா என்று பிரித்துப் பார்த்து உதவி செய்துவந்தார்.

இத்தனை தகுதியும் சேர்ந்து முதல் மாதம் முடிந்தபோது, இன்ஸ்பெக்டர் கூட்டம் போட்டார்.

"குழு வர்றதுக்கு முன்னாடி உங்க தெருவுல இருந்து சந்தேகப்படற ஆள் நடமாட்டம்னு மாசம் ஒம்போது புகார் வரும். இப்ப இருபத்தி நாலு" என்றார். "இந்த மாசமும் கொறையலன்னா குழுவ மாத்தி அமைக்கணும்னு மேலிடத்துல சொல்றாங்க."

பல் டாக்டர் சிரித்தார். தொழில்காரர் என்பதால் எல்லாப் பற்களும் தெரிந்தன. தலைவர் அந்தச் சிரிப்பை நோட்டில் குறித்துக்கொண்டார். மறுபடியும் துணை ஆவதைவிட நாடு கடத்தப்படுவது மேல் என்று அவருக்குத் தோன்றியது.

"ஆள் அடையாளம் என்ன சார்? உயரமா, குள்ளமா?"

"அதச் சொல்ல முடியாது. புகார் குடுத்தவங்க பேரும் சரி, புகார்ல இருக்கறவங்க பேரும் சரி, வெளிய விடக் கூடாது. நீங்க தினமும் அந்த ரெஜிஸ்டர மட்டும் ஒழுங்கா எழுதிக் குடுங்க."

ரெஜிஸ்டரில் ஒரு குறையும் கிடையாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் எந்த இடத்தில் நின்றார், எதற்காக நின்றார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தினமும் மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷன் ரைட்டரிடம் கொடுக்க வேண்டும். ரைட்டர் அதை வாங்கி, நிமிர்ந்து பார்க்காமல், ஒரு பச்சை ஃபைலில் கோத்துக்கொள்வார்.

அந்தக் கூட்டத்திலிருந்து வந்ததும்தான் தலைவர் மேற்படி அறிவிப்பை எழுதி மாட்டினார். கீழே ஒரு தகரப் பெட்டியும் வைத்தார். புகார் இருந்தால் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம், பெட்டியில் போடுங்கள். ஸ்டேஷனுக்குப் போகாத புகாரை ஸ்டேஷன் எப்படி எண்ணும்?

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் புகார் போட வந்தவர்கள், இடமும் வலமும் பார்த்து, குனிந்து வந்து, சீட்டைச் செருகிவிட்டு ஓடினார்கள். அதைப் பார்த்தவர்கள் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தார்கள். நாலே நாளில் பதினோரு புகார்.

பெட்டியை எடுத்துவிட்டார். தன் வீட்டுக் கேட்டில் இருந்த பெட்டியைத் தலைவர் இருட்டுவதற்குள் கழற்றியதை யாரோ பார்த்து, பெட்டி திருட்டு என்று இன்னொரு புகார்.

"ஆளு நம்மள அடையாளம் தெரிஞ்சுக்கிட்டு ஒதுங்கிப் போறான்" என்று குழுவைக் கூட்டிச் சொன்னார். "இனிமே நாம காவல்காரங்க மாதிரியே தெரியக் கூடாது. தொப்பி, கருப்புக் கண்ணாடி, முடிஞ்சா ஒரு குடை."

"வெயிலே இல்லையே தலைவரே?" என்றார் பாட்டு டீச்சர்.

"அதனாலதான் யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க."

அடுத்த வாரம் தெருவெங்கும் கருப்புக் கண்ணாடியும் தொப்பியும் குடையுமாக யார் யாரோ நின்றார்கள். தலைவருக்கே இரண்டு பேரை அடையாளம் தெரியாமல், அவர்கள்மேல் தானே புகார் எழுதிக் கொடுத்தார். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது.

அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"உள்ளாளு."

"என்னது?" என்றாள் மனைவி.

"நாம என்ன முடிவெடுத்தாலும் எண்ணிக்கை ஏறுதே, எப்படி? குழுவுக்குள்ளயே ஒருத்தன் இருக்கான். அந்தப் பல் டாக்டர்தான். நான் போனா அடுத்தது அவரு. யாருக்கு லாபம்னு பாத்தா போதும்."

"சோத்தப் பிசைங்க. ஆறுது."

"நீ யார்கிட்ட காலையில அவ்வளவு நேரம் ஃபோன்ல பேசின?"

மனைவி குழம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தலைவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியாகச் சந்தித்தார். ஒவ்வொருவர் காதிலும் ஒரே வசனம்தான். "இந்தக் குழுவுல நான் நம்பறது உங்க ஒருத்தரத்தான். வேற யாருக்கும் தெரியக் கூடாது." பிறகு, கவனிக்க வேண்டிய ஆளின் பெயர். பல் டாக்டரிடம், பாட்டு டீச்சரைக் கவனிக்கச் சொன்னார். டீச்சரிடம், குழாய் ரிப்பேர்காரரை. இப்படியே ஒன்பது பேருக்கு ஆள் ஒதுக்கி, கடைசி ஆளான இஸ்திரிக்கடைக்காரருக்கு மட்டும் ஆள் மிஞ்சாததால், "நீங்க பொதுவாப் பாருங்க" என்றார். பல் டாக்டரைத் தானே எடுத்துக்கொண்டார்.

பொதுவாகப் பார்ப்பது எப்படி என்று புரியாமல் இஸ்திரிக்கடைக்காரர் பல் டாக்டரிடமே போய் யோசனை கேட்டார்.

"தலைவரப் பாருங்க" என்றார் பல் டாக்டர். "எனக்கு ரொம்ப நாளா அவர்மேலதான் சந்தேகம்."

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஊரே கண் அயர்ந்திருந்தபோது, பாட்டு டீச்சர் நாயோடு தெருவில் நடந்தார். அவருக்கு இருபதடி பின்னால் பல் டாக்டர். அவருக்கு இருபதடி பின்னால், மரத்துக்கு மரம் தாவித் தலைவர். அவருக்குப் பின்னால் இஸ்திரிக்கடைக்காரர். அவரை ஒருவர், அவரை ஒருவர். தெரு முனையில் திரும்பி, பின்தெருவில் போய், மறுபடி முனையில் திரும்பியபோது, பாட்டு டீச்சர் தனக்கு முன்னால் போகும் குழாய் ரிப்பேர்காரரைப் பிடித்துவிட்டார். வட்டம் பூர்த்தியாயிற்று.

முன்னால் போகிறவர் போவதால் பின்னால் வருகிறவர் போனார். பின்னால் வருகிறவர் இருந்ததால் யாராலும் நிற்க முடியவில்லை. நாய் ஒரு கம்பத்தருகே நின்றபோது பதினோரு பேரும் நின்று, பதினோரு பேரும் செருப்பு வாரைச் சரிசெய்தார்கள். நாய் நகர்ந்ததும் எல்லாரும் நகர்ந்தார்கள். ஒரே வட்டத்தை நாலு முறை சுற்றினார்கள். முதலில் நடக்கத் தொடங்கியது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஐந்தாவது சுற்றில் ஜீப் வந்து குறுக்கே நின்றது.

"பதினோரு பேர் கும்பலா வீட்டச் சுத்தி வர்றாங்கன்னு ஃபோன் வந்திச்சு" என்றார் இறங்கிய போலீஸ்காரர்.

"எந்த வீட்டுல இருந்து?" என்றார் தலைவர்.

"அது சொல்லக் கூடாது."

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். தன் வீட்டு மொட்டைமாடியில் மனைவி போர்வைக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கிளிப். இன்னொரு கையில் ஃபோன்.

ஸ்டேஷனில் பெஞ்சு போதவில்லை. நாய்க்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. தலைவர் மட்டும் உட்காராமல் இன்ஸ்பெக்டரின் மேஜை முன்னால் போய் விறைப்பாக நின்றார்.

"சார், புகார் அறுபத்தி மூணு ஆயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். என்னை எடுத்துடறதா இருந்தா எடுத்துடுங்க. ஆனா ஒண்ணு. இந்தப் பத்துப் பேரையும் ஆறு வாரமாக் கூடவே இருந்து பாக்கறேன். சந்தேகப்படாம இருக்கலாம்னு ஒரு ஆள்கூட இதுல கிடையாது."

"சார், இவர் ஒருத்தரத் தூக்குங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார் பல் டாக்டர்.

"டாக்டர் மாடியில என்ன பண்றாருன்னு கேளுங்க சார்" என்றார் பாட்டு டீச்சர்.

"நீங்க என் கரண்ட் பில்லை எதுக்குப் பிரிச்சீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார் குழாய் ரிப்பேர்காரர்.

இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அமர்த்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

"யாரையும் மாத்தப் போறதில்ல. புகார் எண்ணிக்கை கெடக்கட்டும், இந்தக் குழு இப்படியே தொடரட்டும்னு மேலிடத்துல எழுதிட்டாங்க. ஆறு வாரமா நீங்க பதினோரு பேரும் எந்த நிமிஷம் எங்க நின்னீங்க, என்ன பண்ணீங்கன்னு எல்லாம் உங்க கையெழுத்தோட எங்ககிட்ட இருக்கு. இப்படி ஒரு ஒத்துழைப்பு வேற எந்தத் தெருவுலயும் கிடைக்கல."

தலைவருக்குக் காதில் விழுந்தது முழுவதும் மனதில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அப்ப, தலைவர்?"

"நீங்கதான். உங்களுக்கு இருக்கற தகுதி அந்தத் தெருவுல வேற யாருக்கு இருக்கு?"

தலைவரின் தோள்கள் முப்பத்தோரு வருடத்தில் ஏறாத உயரத்துக்கு ஏறின. திரும்பிப் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. கடிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி காலியாக இருந்தது.

நேராக ரைட்டரின் மேஜைக்குப் போனார். எல்லாருக்கும் கேட்கும்படி, "அந்தத் தகுதிப் பட்டியல்ல ஒரு காப்பி குடுங்க. ஃப்ரேம் போடணும்" என்றார்.

ரைட்டர் ஆறு வாரத்தில் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பச்சை ஃபைலைத் திறந்து, அடியில் கிடந்த தாளை விரலால் தட்டினார்.

"தகுதிப் பட்டியல்னு தனியா ஒண்ணும் இல்ல சார். குழு வர்றதுக்கு முன்னாடி உங்க தெருவுல சந்தேகப்படற ஆளுங்கன்னு புகார் வந்துச்சே, அந்த லிஸ்டுதான் இது. உங்க மேல வந்ததுதான் அதிகம், அதனால உங்களத் தலைவராப் போட்டோம்."