லமினேட் அண்ணையின் அத்தாட்சி

பிரான்சில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் பல்கலைக்கழகத்துக்கு வழி தெரிந்த ஒரே மனிதர் லமினேட் அண்ணைதான். அவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்பது வேறு விசயம். போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தார். கையில் கிடைக்கும் தாளையெல்லாம் பிளாஸ்டிக்கால் மூடிவிடுவார். ஒருமுறை என் வாடகைப் படிவத்தை நான் கையெழுத்து வைக்கமுதலே மூடிவிட்டு, "இனி நனையாது தம்பி" என்றார்.

நம்மவர் பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் அவருடைய மெசினுக்குள்ளால்தான் போயின. அதனால் எதைப் பழகினால் எங்கே இடம் கிடைக்கும் என்று தனக்குத்தான் தெரியும் என்பார். நானும் நம்பினேன். என் மகள் மதுராவுக்குத் தாதியர் படிப்பில் ஆசை. விண்ணப்பத்தில், பள்ளிக்கு வெளியே என்ன செய்கிறாய் என்று கேட்டு ஒரு பெட்டி இருக்கிறதாம். அந்தப் பெட்டி என் நித்திரையைக் கெடுத்தது.

"செஸ் பழக்குங்கோ. மூளைசாலி எண்டு நினைப்பினம்" என்றார் அண்ணை. சேர்த்தேன். சில வாரம் கழித்து, "செஸ்ஸோ? அது இப்ப எல்லாப் பிள்ளையளும் போடுதுகள். வாள்வீச்சுக்கு விடுங்கோ."

"நேர்சுக்கு என்னத்துக்கு அண்ணை வாள்?"

"வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கும்."

வாளும் வாங்கினேன். பிறகு வயலின் வந்தது, போனது. "ஏழு வருசமா பரதநாட்டியம் பழகினவ. அதை எழுதலாமோ?" என்று கேட்டேன். "எழுதலாம். எழுதாமலும் விடலாம்" என்றார்.

சனிக்கிழமைகளில் நான் இப்படிக் குழம்பி நிற்க, மதுரா கடையின் மர வாங்கில் உட்கார்ந்திருப்பாள். கொப்பி அடிக்க வந்தவர்கள் பிரெஞ்சுக் கடிதங்களை அவளிடம் நீட்டுவார்கள். "பிள்ளை, ஆஸ்பத்திரியாலை வந்தது. என்ன எழுதிக் கிடக்கு?" வாசித்துச் சொல்லுவாள். பொழுதுபோக்குக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

விண்ணப்ப நேரத்தில் என்னைக் கேளாமலே பெட்டியை நிரப்பிவிட்டாள். செஸ் இல்லை, வாள் இல்லை, நடனமும் இல்லை. 'சனிக்கிழமைகளில் ஒரு கடையில், பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கடிதங்களை விளங்கப்படுத்துகிறேன்.' அவ்வளவுதான். அவளையும் இழுத்துக்கொண்டு அண்ணையிடம் ஓடினேன்.

"ஐயோ, அதுக்கு அத்தாட்சி?" மெசினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டார் அண்ணை.

"ஒருத்தரும் கேட்கேல்லை மாமா."

"நாளைக்குக் கேட்டால்?" ஒரு தாளை எடுத்துத் தமிழிலேயே எழுதினார்: 'இந்தப் பிள்ளை என்ரை கடையிலை சனத்துக்குக் கடிதம் வாசிச்சுக் குடுத்தவ. நான் கண்ணாலை கண்டனான்.' இந்த முறை மறக்காமல் கையெழுத்தை வைத்துவிட்டு மெசினுக்குள் விட்டார்.

மதுராவுக்கு இடம் கிடைத்தது. எதனால் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த அத்தாட்சியை ஒருவரும் கேட்கவுமில்லை. அது எங்கள் வரவேற்பறையில், நடனக் கேடயங்களுக்கு மேலே தொங்குகிறது. நான் குழம்பி நின்ற அத்தனை சனிக்கிழமையும் என் பிள்ளை என்ன செய்கிறாள் என்று கவனித்துக்கொண்டிருந்தவர் அண்ணைதான்.