எட்டாவது வீடு

ஐப்பசி முடிவதற்குள் சிந்துபூந்துறை வீட்டை விற்றே தீருவது, இல்லாவிட்டால் தரகுத் தொழிலுக்கே முழுக்குப் போடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சபதம் செய்தேன். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. என் மனைவி அன்னத்தாய் கொல்லையில் தான் நட்ட தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விற்கப்போகிற வீட்டில் யாராவது தென்னை வைப்பார்களா? வைக்கட்டும், விலை ஏறும் என்று விட்டுவிட்டேன்.

விற்கிற வீட்டில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதுதான் இந்த ஆவுடைநாயகத்தின் தொழில் ரகசியம். பம்பாயிலும் மெட்ராஸிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு, விலை போகிறவரை வீட்டில் விளக்கு எரிய வேண்டும். எனக்கோ வாடகை கொடுக்காமல் ஒரு வீடு வேண்டும். இரண்டும் பொருந்திவிட்டது. ஆறு வருஷத்தில் ஏழு வீடு. எனக்கும் கால் ஓரிடத்தில் தரிக்காது. மூன்று மாதம் ஆனால் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

அன்னத்தாய்க்கு வயிறு எரியும். ரேஷன் கார்டில் முகவரி எழுத இனி இடமில்லை. பாதிச் சாமான் கோணியை விட்டு வெளியே வந்ததே இல்லை. போதாததற்கு நான் ஒரு சட்டம் வேறு போட்டிருந்தேன்: அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆறு வருஷமாக எங்கள் வீட்டுச் சாமிகள் எல்லாம் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் சட்டை ஜன்னல் கம்பியில் தொங்கும்.

இந்த எட்டாவது வீடு மட்டும் ஒரு வருஷமாக விலை போகவில்லை. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தாமிரபரணி கூடத்துக்குள் வந்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. மூன்று தடவை வெள்ளையடித்தும் கோடு எட்டிப் பார்த்தது. பீரோவை நகர்த்தி மறைத்தேன். மிச்சத்துக்குப் பத்தமடைப் பாய்களைச் சுருட்டி நிறுத்தினேன்.

தூத்துக்குடியிலிருந்து தொம்மை வந்தார். நாலு படகுக்குச் சொந்தக்காரர். வீடு பிடித்துவிட்டது. அன்னத்தாய் காப்பி கொண்டுவந்தாள்.

"தண்ணி வசதி எப்படிம்மா?" என்றார்.

"தண்ணிக்கு என்னண்ணே கொறை? வீட்டுக்குள்ளயே வரும்."

"கொழாயிலயா?"

"வாசல் வழியா. அந்தா, பீரோவ நகத்திப் பாருங்க. அம்புட்டு ஒசரம்."

தொம்மை பார்த்தார். பாதிக் காப்பியை அப்படியே வைத்தார்.

"கடலுக்குப் பயந்துதாம்வே இங்கன வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"தண்ணி எப்படின்னு கேட்டாவ. சொன்னேன்."

"கேட்டா எல்லாத்தையும் சொல்லிருவியா?"

"நான் வெளக்கேத்துத வீடு அத்தான். பொய் சொல்ல வரமாட்டேங்கு."

அடுத்து வந்த ஆறு பார்ட்டிக்கும் அதே காப்பி, அதே பீரோ. பம்பாயிலிருந்து வீட்டுக்காரர் கணேஷ்ராம் போனில் பொரிந்தார். ஐப்பசி தாண்டினால் வீட்டைத் தாணுமாலையனிடம் ஒப்படைப்பாராம். தாணுமாலையனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே நான். அவன் விற்றுவிட்டால் ஜங்ஷனில் நான் தலைகாட்ட முடியாது. சபதம் பிறந்தது அப்படித்தான்.

அன்று சாயந்திரமே பக்கத்து வீட்டுப் பாலம்மாள் டீச்சர் வந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு வேண்டியவுக இந்த வீட்டக் கேக்காவ. வெலைய மட்டும் எறக்கித் தரணும்."

"ஆளு யாரு டீச்சர்?"

"வெல படியுத வரைக்கும் வாங்குதவுக மொகத்தக் காட்டக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

சொல்வேன்தான். என் பாடம் மதில் தாண்டிப் போயிருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

"வீட்டப் பாக்க வேண்டாமா அவுக?"

"பாத்துக்கிட்டேதான் இருக்காவ. அவுக பக்கம் கமிஷன் மட்டும் கெடையாது."

இருந்த நிலைமையில் அதற்கும் தலையாட்டினேன். நேராக எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அன்னத்தாயும் கூடவே வந்தாள். அவள் பார்ட்டிகளிடம் சொன்ன குறைகளை எல்லாம் கணேஷ்ராமிடம் நானே ஒப்பித்தேன். வெள்ளம், கோடு, ஜங்ஷன் ரயில் சத்தம். மூச்சு வாங்க நிறுத்தினால் அவள், "கொசுவச் சொல்லலியே" என்று எடுத்துக்கொடுத்தாள். நாற்பதாயிரம் இறங்கியது. அட, இவளுக்கும் தொழில் வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். அட்வான்ஸ் டீச்சர் கை வழியாகவே போனது.

பதிவு நாளன்று காலையில் அன்னத்தாய் அண்ணன் வீட்டுக்கு, ஆழ்வார்குறிச்சிக்கு, கிளம்பினாள். நல்லதாகப் போயிற்று என்று மிச்சச் சாமானைக் கோணியில் கட்டிவைத்துவிட்டுப் பத்திர ஆபீசுக்குப் போனேன். கணேஷ்ராம் வந்திருந்தார். பத்திரம் எழுதுவது வாங்குகிறவர் பக்கத்துச் செலவு, அதனால் நான் கண்ணால் பார்க்கவில்லை. எழுத்தர் உரக்கப் படித்தார்: "சிந்துபூந்துறை ஆவுடைநாயகம் மனைவி அன்னத்தாய்..."

எதிரே நின்ற டீச்சருக்குப் பின்னால் அவளுடைய கல்யாணப் பட்டு தெரிந்தது.

"ஏட்டி, நீ ஆழ்வார்குறிச்சிக்குல்லா போன?"

"போன மாசமே போயிட்டு வந்தாச்சு. அப்பா எனக்கு எழுதிவச்ச வயல அண்ணன் வெலைக்கு எடுத்துக்கிட்டான். அந்த ரூவாதான் இது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நாப்பதாயிரம் எறக்கியிருப்பியளா?"

கோபம்தான் வந்தது. ஆனால் பேனாவைப் பிடித்து அவள் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதுவதைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஏழு வீட்டைக் காலி பண்ணியபோதெல்லாம் அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் டீ குடித்து முடிப்பதற்குள் கோணிகள் எல்லாம் அவிழ்ந்துவிட்டன. டொக் டொக்கென்று சத்தம். சாமிகள் வரிசையாகச் சுவரில் ஏறினார்கள். எனக்கு உள்ளங்கால் அரித்தது. கழற்றிய சட்டையோடு கூடத்துக்கும் கொல்லைக்கும் நாலு நடை நடந்தேன். பிறகு சுத்தியலுக்குக் கை நீட்டினேன்.

"சட்ட மாட்ட நானும் ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டா?"

அன்னத்தாய் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"பைய அடிங்க அத்தான். அடுத்தவுக சுவருல்லா."