ஐஸ் பெட்டியில் ஆலமரம்

பழவேற்காடு ஏரிக்கரையில் வெயிலைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர் மோட்டார்தான். மற்றவர்கள் வெயிலைத் திட்டுவார்கள், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். மோட்டார் மட்டும் சித்திரை பிறந்ததும், சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதுபோல, சூரியனை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். படகு மோட்டார்களை ரிப்பேர் செய்பவர் என்பதால் ஊருக்கு அவர் மோட்டார். பிள்ளைகளுக்கு மோட்டார் மாமா. போனை எடுத்தால் அவரே, “மோட்டார் பேசறேன்” என்பார். ராங் நம்பரில் கூப்பிட்ட ஒருவர் பயந்து வைத்துவிட்டாராம்.

நான் அப்போது பொன்னேரியில் தங்கி ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கோடை வந்தால் அலுவலகத்துக்கு வெயில் செய்தி வேண்டும். தர்ப்பூசணிக் கடையும் முக்காடு போட்ட பெண்களும் பலமுறை அச்சாகிவிட்டார்கள்; புதிதாக ஏதாவது அனுப்பு என்றார்கள். பஸ் ஏறிப் பழவேற்காடு போனேன். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகுக்கு அடியில் ஒருவர் குப்புறப் படுத்து, பனையோலை விசிறியால் யாருக்கோ விசிறிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். ஆலமரம்.

ஒரு சாண் உயர ஆலமரம். விழுதுகூட விட்டிருந்தது. பக்கத்திலேயே அரசு, புன்னை, நாவல், பூவரசு. சாலையோரத்தில் லாரிக்கு நிழல் தர வேண்டியவை எல்லாம் இங்கே இஞ்சின் ஆயில் டப்பாக்களில் அடக்கமாக நின்றுகொண்டிருந்தன. ஆலமரத்துக்கு மட்டும் பீங்கான் தட்டு.

“இன்னா சார் பாக்குறீங்க? உங்க நெழல் நல்லா அகலமா கீது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க,” என்றார். பேட்டி முடியும்வரை நான் புன்னைக்கு நிழலாக நின்றேன்.

ஆலங்கன்று முளைத்தது மீன் ஏலக்கூடத்துச் சுவர் விரிசலில். சுவர் பிளந்துவிடும், வெட்டு என்றது ஊர். வெட்டப் போன மோட்டார், வேரோடு பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கிளைக்குக் கம்பி சுற்றினார், வேரைக் கத்தரித்தார், மற்ற மரங்களையும் சேர்த்தார். மனிதர்களிடம் எரிந்து விழுகிறவர் மரத்திடம் குசுகுசுவென்று பேசுவார். ஊருக்கு இது விளங்கவில்லை. குறிப்பாக எறா மேரிக்கு.

எறா மேரி, ஏலக்கூடத்தில் இறால் விற்பவர். அவர் விலை சொன்னால் எதிர்க்கரையில் பேரம் பேசுவார்கள், அப்படிப்பட்ட குரல்.

“மரம்னா அதுல மனுசன் ஒதுங்கணும்யா. இதுல எறும்பு ஒதுங்குமா? வளர வேண்டியத பட்டினி போட்டு குட்டையாக்கி வெச்சிகினு, அதுக்கு விசிறி வேற!”

“ஒன் வாயிக்கு ஒரு கம்பி சுத்தி வுட்டா எல்லாம் சரியாப்பூடும்,” என்பார் மோட்டார்.

இந்த உரையாடல் தினமும் நடக்கும். ஏலம் முடிந்ததற்கு அடையாளமே அதுதான்.

கத்திரி வெயிலில் மரங்களைக் காப்பாற்றுவது பழவேற்காட்டில் எளிதல்ல. கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். ஒரு சொட்டுகூடத் தொட்டிக்கு ஆகாது. ஏரி உப்பு. கோடையில் கிணறும் உப்பு. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் மோட்டார் குடங்களோடு வரிசையில் நிற்பார். பற்றாக்குறைக்கு, கடைத்தெரு வங்கியின் ஏசி சொட்டும் இடத்தில் கேன் வைத்தார். ஒருநாள் உள்ளேயே போய் மேனேஜரிடம், “சார், இன்னும் கொஞ்சம் ஜில்லுனு வைங்க, அரச மரத்துக்குப் பத்தல” என்றாராம். மேனேஜர், ஏதோ வேண்டுதல் என்று நினைத்துச் செய்து கொடுத்திருக்கிறார்.

தண்ணீர்கூடக் கிடைத்துவிடும். நிழல்தான் தகராறு. மத்தியானத்துக்கு மேல் ஏலக்கூடத்தின் கிழக்குச் சுவரோரம் ஒரு நல்ல நிழல் விழும். பெண்கள் அங்கே உட்கார்ந்துதான் இறால் ஆய்வார்கள். மோட்டார் தன் தொட்டிகளை அங்கே கொண்டுவந்து வரிசையாக வைத்தார். மேரி ஊர்க்கூட்டத்தில் முறையிட்டார்.

இந்த ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. பாடு என்பார்கள். முறை வந்தவருக்கு அன்றைக்கு அந்த இடம், மறுநாள் அடுத்தவருக்கு. நிழலுக்கும் பாடு வைத்துவிடலாம் என்று ஊர்த்தலைவருக்குத் தோன்றியது. ஆனால் ஒரு விதி குறுக்கே நின்றது.

“பாடு கேக்குறவங்க நேர்ல வரணும். அதான் நம்ப ஊர் கட்டு,” என்றார்.

மேரி பிடித்துக்கொண்டார். “நெழல் கேக்குறது மோட்டாரா, மரமா? மரம்னா மரத்த வரச் சொல்லு நைனா!”

கூட்டம் சிரித்தது. மோட்டார் எழுந்து போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று எல்லாரும் நினைத்தபோது, ஆலமரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தலைவருக்கு எதிரே பாயில் உட்கார வைத்தார்.

“வந்துட்டான். கேளுங்க.”

தலைவருக்கு வேறு வழியில்லை. நிழல் ஒரு நாள் பெண்களுக்கு, ஒரு நாள் மரங்களுக்கு என்று தீர்ப்பானது. அந்த ஏரியில் பாடு வாங்கிய முதல் ஆலமரம் அதுவாகத்தான் இருக்கும்.

இப்படியே கோடை கழிந்திருக்கும். எளாவூரில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. இரண்டு நாள் தாய்மாமன் இல்லாமல் முடியாது. மரங்களை யாரிடம் விடுவது? ஊரில் ஒருவரையும் அவர் நம்பவில்லை. ஏலக்கூடத்தைவிட்டு நகராத ஒரே ஆள் என்பதால் கடைசியில் மேரியிடம் வந்து நின்றார்.

“காலையில ஒரு சொம்பு தண்ணி. தொட்டிய சுத்தி ஈரக் கோணி. காஞ்சா நனைச்சி வுடு. வேற எதுவும் பண்ணாத தாயி.”

“எனுக்கு வேற வேல இல்ல பாரு,” என்றார் மேரி. ஆனால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் சொன்னார்.

முதல் நாள் குறையில்லை. மறுநாள் கச்சான் அடித்தது. கச்சான், மேற்கிலிருந்து வரும் அனல் காற்று; அது அடிக்கும்போது கடல்காற்று கரைக்கு வராது. மேரி நனைத்த கோணி, அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்தது. ஆலமரத்தின் இலைகள் ஓரத்தில் சுருள ஆரம்பித்தன. மேரி பதறிப்போனார். வெயிலில் ஒரு பொருள் கெடத் தொடங்கினால் என்ன செய்வது என்று அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். மேரி அதைச் செய்தார். தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸ் ஒரு அடுக்கு, அதன்மேல் ஆலமரம், சுற்றிலும் ஐஸ், மேலே மூடி. வஞ்சிரம் அப்படித்தான் கெடாமல் சென்னை போகிறது.

மோட்டார் மறுநாள் காலை வந்து இறங்கினார். செய்தி சேகரிக்க நானும் அன்று கரையில் இருந்தேன்.

“வா, வா. ஒன் புள்ள கெடாம கீது,” என்று மேரி மூடியைத் திறந்தார். வெண்புகை கிளம்பியது. வாங்க வந்தவருக்கு மீனின் செவுளைக் காட்டுவதுபோல ஒரு இலையைத் தூக்கி அடிப்பக்கம் காட்டினார். “பாரு, எப்டி வெறப்பா கீது!”

மோட்டார் ஐஸை விலக்கி, தண்டை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஏன்யா தடவித் தடவி பாக்குற?”

“மீனுக்கு செத்தப்புறம் ஐஸ் வெப்பாங்க மேரி. இது உயிரோட கீது.”

அடுத்த சில நாட்களில் இலைகள் கறுத்தன, உதிர்ந்தன. பீங்கான் தட்டில் ஒரு குச்சி நின்றது. ஊர் துக்கம் விசாரிக்க வந்தது. மோட்டார் அழவில்லை, திட்டவில்லை. மேரிதான் அடங்கிப்போனார். விலை சொல்லும் குரல் பாதியானது. மாதா கோயிலில் ஆலமரத்துக்காக மெழுகுவத்தி ஏற்றினார். மோட்டார் வேண்டுமென்றே பெண்களின் நாளில் தொட்டிகளை நிழலில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். மேரி ஒரு வார்த்தை பேசாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போய் உட்கார்ந்தார்.

மோட்டார் ஆடிப்போனார். “மரம் பூட்டா வேற ஒண்ணு வெச்சிக்கலாம் சார். மேரி இப்டி கம்முனு கீறதுதான் பேஜாரா கீது.”

ஸ்க்ரூடிரைவரால் குச்சியின் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. உடனே மேரியிடம் ஓடினார். “இஞ்சின் சீஸ் ஆவல மேரி, உயிரு கீது! ஸ்டார்ட்டிங்தான் டிரபுள்!”

“எனுக்காவ பொய் சொல்லாத,” என்று மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு மோட்டார் வேலையையே மறந்தார். ரிப்பேருக்கு வந்த மோட்டார்கள் மணலில் வரிசையாகக் காத்துக் கிடந்தன. குச்சிக்கு நிழல் மாற்றினார், தெளித்தார், விசிறினார். மரம் தழைக்காவிட்டால் மேரி வாயைத் திறக்கப் போவதில்லை என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். படகுக்காரர்கள்கூடக் கரை சேர்ந்ததும் முதலில் தட்டை எட்டிப் பார்த்தார்கள்.

கத்திரி முடிந்து சில நாள் கழித்து ஆலமரம் சிவப்பாக மொட்டு விட்டது. கிளைக்குக் கிளை இலை வந்தது. பழைய இலை வெற்றிலை அளவு. இப்போது வந்ததோ சுண்டுவிரல் நகம் அளவு. மோட்டார் என்னைத் தனியே அழைத்துக் காட்டினார். குட்டை மரத்துக்குக் குட்டி இலை வேண்டுமென்றால், இருக்கிற இலையை எல்லாம் கிள்ளிவிட வேண்டும் என்று வீடியோவில் சொல்வார்களாம். ஒவ்வொரு வருடமும் கத்தரியை எடுப்பாராம். மனசு வராமல் வைத்துவிடுவாராம். இந்த வருடம் அந்த வேலையை மேரியின் ஐஸ் செய்துவிட்டது.

“மேரிகிட்ட சொன்னீங்களா?” என்றேன்.

“சொன்னா அடுத்த கத்திரிக்கும் ஐஸ் வெப்பா சார்.”

சொன்னவர், ஆலமரத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு நேராக ஏலக்கூடத்துக்குப் போனார். நடு ஏலத்தில், ஊரே பார்க்க, மேரியின் முன்னால் இறக்கினார்.

“பாரு, எலைய எவ்ளோ சின்னதாக்கி வெச்சிகிற! ஷோக்கா இருந்த மரத்த நாசம் பண்ணிட்டியே!”

மேரி இலையைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். எழுந்து இடுப்பில் கை வைத்தார்.

“சின்ன மரத்துக்கு சின்ன எலதான்யா வரும்! ஒனுக்கு இன்னா, வாழ எலயா வேணும்? தள்ளு மொதல்ல! இன்னிக்கு எங்க பாடு!”

எதிர்க்கரைவரை கேட்டிருக்கும். மோட்டார் பதிலுக்குக் கத்திக்கொண்டே, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, மரத்தைத் தூக்கிக்கொண்டு படகடிக்குப் போனார்.

அந்தச் செய்தியை நான் அனுப்பவில்லை; வெயில் செய்தியில் அது அடங்காது. இப்போது பொன்னேரியைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். கோடை கடுமை என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் பழவேற்காட்டு டீக்கடைக்குப் போன் போட்டு, மோட்டார் இன்றைக்கு யாரோடு சண்டை போட்டார் என்று விசாரிக்கிறேன். மேரியோடுதான் என்று பதில் வந்தால், மனசு குளிர்ந்துவிடுகிறது.