கட்டெறும்புக்குப் பின்கதவு

ஊரில் உள்ளவன் எல்லாம் வண்டிக்குக் கதவு மாட்டினால் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவான். நம் ஸ்டூடியோக்காரர் மட்டும் பெண்டாட்டிக்குத் தெரியாமல் கதவு மாட்டுவது என்று சபதம் எடுத்தார். லேசுப்பட்ட சபதம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, முகமெல்லாம் சோப்பு நுரையோடு, ரேசரை உயர்த்திப் பிடித்து எடுத்த சபதம்.

வண்டி ஒரு சின்ன வேன். பழசு. கறுப்பு நிறம், உருண்டை முகம். தெருவே அதைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடும். கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகும்போது விளக்கும் முக்காலியும் முன்சீட்டில் உட்கார்ந்து போகும். ஏனென்றால் பின்கதவு இரண்டும் படுமோசம். இடது கதவு தொட்டால் பிஸ்கட்டாக உதிரும். வலது கதவுக்குக் கீழ்க்கீலே கிடையாது. இரண்டையும் சேர்த்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். கயிற்றை அவிழ்த்தால் கதவு காலில் விழும். ஆசீர்வாதம் கேட்டு விழாது, கால் விரலைக் கேட்டு விழும்.

இதையெல்லாம் அவர் குறையாகவா சொல்வார்? நன்றாய் இருக்கிறது கதை! அந்த ஓட்டைக் கதவுதான் அவருடைய கோட்டைக் கதவு. அது இருக்கிறவரை மாமியார் உள்ளே வரமுடியாது.

மாமியார் ஓய்வுபெற்ற டிரில் டீச்சர். வேலையிலிருந்துதான் ஓய்வு, விசிலுக்கு ஓய்வு இல்லை. அது இன்னும் கழுத்திலேயே தொங்குகிறது. ஒரு தடவை விருந்தாளியாக வந்து தங்கினார். விடிவதற்குள் 'பீப்' என்று ஒரு விசில். எட்டு மணிக்கு முன்னால் சூரியனையே பார்க்காத நம் ஆள், பனியனோடு மொட்டைமாடியில் நின்று கையை மேலே தூக்கினார், கீழே இறக்கினார், தவளை போல் குதித்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கைதட்டின. அந்த அவமானத்தை அவர் சாகிறவரை மறக்கமாட்டார்.

அப்படிப்பட்ட மாமியார் இப்போது மகள் வீட்டோடு வந்து இருக்கத் தயார். ஒரே ஒரு நிபந்தனைதான். அவருடைய கட்டிலும் கூட வரவேண்டும். அதில் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். ஒரே வார்ப்பு, பிரிக்கமுடியாத இரும்புக் கட்டில். வாடகை வண்டி வைக்கலாம் என்றால், "மாப்பிள்ளை வீட்டுல வேன் நிக்கும்போது நான் ஏன் அடுத்தவன் வண்டியில ஏறணும்? எனக்கு மரியாதை இல்லையா?" என்று மறுத்துவிட்டார்.

"என்னங்க, அம்மா கட்டிலு..." என்று மனைவி ஆரம்பிப்பாள்.

"நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? கதவைப் பாரு. நடுரோட்டுல கட்டில் விழுந்து நொறுங்கினா அத்தைக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்போ கதவை மாத்துங்க."

"இந்த வண்டிக்குக் கதவா? கம்பெனிக்காரனே கதவை இழுத்து மூடிட்டுப் போயிட்டான். நான் எங்கடி போவேன்?"

"ஓகோ" என்பாள் அவள். அதோடு சரி. அவள் 'ஓகோ' என்றால் உள்ளே ஏதோ அடுப்பு பற்றவைத்தாயிற்று என்று அர்த்தம். இது கல்யாணமான புதிதிலேயே அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். என்ன செய்வது, மனுஷன் படம் கழுவுவதில்தான் கெட்டிக்காரர்.

ஒருநாள் ஸ்டூடியோவுக்கு ஒரு போன் வந்தது. கரகரவென்று கனத்த குரல்.

"பழைய வாகனக் கண்காட்சிச் செயலாளர் பேசறேன். உங்க வேனோட அழகைப் பத்தி ஊரே பேசுது."

"ஊரா? என் வண்டியையா?" ஸ்டூடியோக்காரர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல நிமிர்ந்து உக்காந்து பேசுங்க!"

விசுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். போனில் பேசுகிறவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. புகழ்ச்சி காதில் ஏறினால் புத்தி கதவைச் சாத்திக்கொள்ளும்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குப் பெரிய பள்ளிக்கூட மைதானத்துல நிக்கணும். ரெண்டு பின்கதவும் கச்சிதமா இருக்கணும். ஓட்டைக் கதவோட வந்தா உள்ளே விடமாட்டோம். முதல் பரிசு உங்களுக்குத்தான்னு என் மனசு சொல்லுது."

"சரிங்க ஐயா! வந்துடறேன் ஐயா!"

பெரிய பள்ளிக்கூட மைதானம் என்பதுதான் ஒரே சிக்கல். அதற்கு எதிர்வீடுதான் மாமியார் வீடு. ஆனால் கடவுள் கண் திறந்தார். சனிக்கிழமை காலையில் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு, "அம்மாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேங்க. நாளைக்குச் சாயங்காலம்தான் வருவோம்" என்றாள்.

"அடடா, நாளைக்கேவா? நிதானமா இருந்துட்டு வாயேன்" என்றார் இவர், சிரிப்பைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு.

திட்டம் வெகு சுத்தம். புதுக் கதவை மாட்டவேண்டியது. பரிசை வாங்கவேண்டியது. அவள் திரும்பி வருவதற்குள் பழைய கதவை மறுபடி மாட்டிக் கயிற்றைக் கட்டிவிடவேண்டியது. பரிசும் கையில், மாமியாரும் தொலைவில்.

கதவுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு பெயிண்டர் கை கொடுத்தார். "கவலையை விடுங்கண்ணே. இதே மாடல் பேக்கரி வேன் ஒண்ணு செத்துக் கிடக்கு. கதவு மட்டும் உயிரோட இருக்கு" என்று சொல்லி உடனே கொண்டுவந்து இறக்கினார். துரு சுரண்டி, கறுப்பு அடித்து, பழைய போர்வையில் சுற்றித் தயாராக இருந்த கதவுகள். இத்தனை சீக்கிரம் எப்படி என்று நம் ஆள் கேட்டாரா? கேட்கவில்லை. "நான் கொடுத்துவச்சவன்யா!" என்றார்.

"ஆமாண்ணே" என்றார் பெயிண்டர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வேலை ஆரம்பித்தது. "ஒரு நேரத்துல ஒரு கதவைத்தாண்ணே கழட்டணும். ஒண்ணு இடத்துல இருந்தாத்தான் இன்னொண்ணு எங்க நிக்கணும்னு தெரியும்" என்றார் பெயிண்டர்.

"ஏன், ரெண்டும் என்ன புருஷன் பொண்டாட்டியா?" என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் கழற்றினார். பலன்? புதுக் கதவுகளை மாட்டியபோது ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது பூமியைப் பார்த்தது. நடுவில் பூனை புகுந்து போகலாம். பிறகு பெயிண்டர் கீழேயிருந்து தோள் கொடுத்துத் தூக்க, இவர் கீலுக்கு அடியில் மெல்லிய தகடு செருக, இறக்க, மறுபடி தூக்க, பொழுது சாய்ந்துவிட்டது. எல்லாம் சரியான பிறகும் சாத்த வரவில்லை. இவர் வலதை முதலில் சாத்திவிட்டு இடதைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இடதுதான் முதல்ல. அது அடங்கின அப்புறம்தான் வலது மேல வந்து உக்காரும்."

இடதைச் சாத்தினார். வலதைச் சாத்தினார். 'டப்.'

ஆகா, அந்தச் சத்தம்! எத்தனையோ வருஷமாகக் கயிற்றோடு மல்லுக்கட்டிய காதுக்கு அது சங்கீதமாக இருந்தது. திறந்தார், சாத்தினார். திறந்தார், சாத்தினார். மனசு நிறைந்துபோயிற்று. இதை மறுபடி கழற்றவேண்டுமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனாலும் மொட்டைமாடியும் தவளைக் குதியும் ஞாபகம் வந்ததும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். பழைய கதவுகளைக் கொல்லைச் சுவரில் சாய்த்துச் சாக்குப் போட்டு மூடினார்.

"என் உயிரே இதுலதான் இருக்கு. பத்திரமா பாத்துக்கய்யா."

"நீங்க போயிட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார் பெயிண்டர்.

ஞாயிற்றுக்கிழமை. யாரும் விசில் ஊதாமலே விடிவதற்கு முன் எழுந்தார். கட்டெறும்பைத் துடைத்தார், தலைக்குச் சாயம் பூசினார், புதுச் சட்டை போட்டார். மைதானத்துக்குள் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு நுழைந்தார்.

கொடி இல்லை. கூட்டம் இல்லை. ஒரு பழைய வண்டியும் இல்லை. மைதானத்துக்கு நட்டநடுவில் ஒரு இரும்புக் கட்டில் இருந்தது. கட்டில்மேல் மாமியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, கையில் தலையணையோடு.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "கண்... கண்காட்சி... செயலாளர் ஐயா..."

மாமியார் தொண்டையைக் கனைத்தார். கரகரவென்று அதே குரல். "முதல்ல நிமிர்ந்து நில்லுங்க!"

நின்றார். வேறு என்ன செய்வது?

"அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னியேடி!"

"நீங்க கண்காட்சிக்குப் போறேன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள் மனைவி.

"சரி சரி, இது சும்மா ஒருநாளைக்கு மாட்டின கதவு. வீட்டுக்குப் போனதும் பழசைத்தான்..."

"பழசா? நீங்க தெருமுனை திரும்பினதும் பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிட்டுப் போயிட்டாராம். பெயிண்டர் அண்ணன் இப்பத்தான் போன் பண்ணினாரு. இந்தக் கதவைத் தேடிப் பிடிக்க அவரும் நானும் எவ்வளவு அலைஞ்சோம் தெரியுமா?"

"ம், தூக்குங்க! ஒண்ணு, ரெண்டு!" என்றார் மாமியார். 'பீப்!'

கட்டில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அளவெடுத்துச் செய்த மாதிரி. மாமியாரும் பின்னாலேயே ஏறிக் கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஸ்டூடியோக்காரர் இடதைச் சாத்தினார், வலதைச் சாத்தினார். 'டப்.' பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும் பெருமைப்பட்டது.

"நல்லா மாட்டியிருக்கீங்க" என்றாள் மனைவி. வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னாள்.

அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார். பிறகு ஈனசுரத்தில் கேட்டார், "அப்போ அந்த முதல் பரிசு?"

"அதான் பின்னால கட்டில்ல உக்காந்திருக்கே. குலுங்காம ஓட்டுங்க."