பின்விளக்கை நம்பியவர்

லிஃப்ட் மெக்கானிக்கின் கண்ணில் மட்டும் குறை சொல்ல முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பவைத்தவரும் அவர்தான். பகலில் மோட்டார் தகட்டில் பொறித்த பொடி எழுத்தைக்கூட நின்ற இடத்திலிருந்தே படித்துவிடுவார். பொழுது சாய்ந்தால் கதை வேறு. தூரத்து விளக்கெல்லாம் பஞ்சு மாதிரி ஊதிக்கொள்ளும், பெயர்ப்பலகைகள் கரைந்துவிடும். நாளெல்லாம் மாடி மாடியாக ஏறி இறங்கியவருக்கு அதோடு மல்லுக்கட்டத் தெம்பும் இல்லை.

ஆனால் வாரத்தில் மூன்று மாலை மனைவியின் அக்கா வீட்டுக்குக் கார் ஓட்டியாக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் சகலை சிரிப்பார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பக்கம் போகும் பஸ்ஸின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது. ஏன் இவ்வளவு மெதுவாக என்று மனைவி கேட்டால், பெட்ரோல் மிச்சம் என்பார்.

ஒரு நாள் பஸ் நின்றது. இவரும் நின்றார். டிரைவர் விளக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். காவலாளி வந்து, இது பஸ் டிப்போ என்று மரியாதையாகவே சொன்னார்.

"சும்மா, உள்ளே எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்" என்றார் மெக்கானிக்.

"பார்த்தாச்சுன்னா போகலாமா?" என்றாள் மனைவி.

மறுநாள் சாயங்காலம் தனக்குக் கண் உறுத்துகிறது, துணைக்கு வாருங்கள் என்று ஆட்டோவில் கூட்டிப்போனாள். கண் டாக்டரிடம் போனால், கூப்பிட்டது இவர் பெயரை. அறையை இருட்டாக்கிச் சோதித்த டாக்டர், வெளிச்சத்தில் கண் சரியாகவே இருக்கிறது, வெளிச்சம் குறைந்தால்தான் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது என்றார். ராத்திரி கண்ணாடி போட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஓட்டாதீர்கள்.

வெளியே வந்ததும், "உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்று முனகினார்.

"தபால் பெட்டி ரோட்டைத் தாண்டட்டும்னு காரை நிறுத்திக் காத்திருந்தீங்களே, அன்னையிலேருந்து. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுதான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் 'ஓட்டாதீர்கள்' என்ற சொல் காதில் தேனாக நின்றது. மூன்று மாலையும் சோபாவில் காலை நீட்டலாம். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, கண்ணாடியெல்லாம் வேண்டாம், ராத்திரி வண்டியையே தொடப்போவதில்லை என்றார்.

அதுதான் நல்லது என்று அவளும் உடனே ஒத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டாள். அவர் திரும்பும் ஆட்டோவில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடினார்.

"ஆமாக்கா, இனிமே ராத்திரி வரமாட்டோம். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் வந்துடறோம். இருட்டறதுக்குள்ள கிளம்பினா போதுமாம்."