ஜன்னலில் நின்ற சிவப்பு மழைக்கோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அத்தை, நான் மூவரும் சுகம். மழை மட்டும் ஓயவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் உனக்கு இரவு வேலை குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

மழைக்காலம் வந்தால் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வாசல் ஜன்னலை அலங்கரிப்பது உன் வேலை, ஸ்டூலைப் பிடிப்பது என் வேலை. இந்த வருடம் ஸ்டூல் பிடிக்க அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை ஸ்டூலை விட்டுவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு, "விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே விழுவோம்டி" என்றாள். எப்படியோ தாத்தாவின் கிழிந்த குடையில் துணியை நீக்கி, கம்பிகளை மட்டும் விரித்துத் தொங்கவிட்டு, நுனிக்கு ஒன்றாக அம்மாவின் டம்ளர் மூடிகளைக் கட்டினேன். காற்றடித்தால் கிணுகிணு என்றது. ஆனாலும் நடுவில் ஏதோ குறைந்தது. பெட்டியின் அடியில் நீ பள்ளிக்குப் போட்டுப்போன சிவப்பு மழைக்கோட்டு கிடந்தது. உள்ளே தலையணையைத் திணித்து, கழுத்துவரை பொத்தான் போட்டு நிறுத்தினேன். கொஞ்சம் குண்டாகத்தான் இருந்தாய்.

நேற்று பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வரும் நாள். கொடுக்க இருப்பவர்கள் துணியை ஜன்னலில் வைப்பது நம் தெரு வழக்கம் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. நான் பின்னறையில் தையல்கடைக்குப் பொத்தான் தைத்துவிட்டு வந்து பார்த்தால், ஜன்னலில் நீ இல்லை, கூடத்தில் ஒரு பச்சை வாளி இருக்கிறது. அத்தைக்கு வாயெல்லாம் பல். "முதல்ல முடியாதுன்னான். தலகாணியும் சேர்த்துத் தர்றேன்னேன், மடங்கிட்டான்." அது அவளுடைய தலையணைதான் என்று சொல்ல நேரமில்லை, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

யாராவது பெயர் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போகிறவள் நான். தெருமுனையில் அவர் சைக்கிளை மறித்து நின்றுவிட்டேன், பேச்சுதான் வரவில்லை.

"என்னம்மா, வாளி ஓட்டையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன?"

கேரியரில் நீ குப்புறக் கிடந்தாய்.

"அது துணி இல்லீங்க. எங்க அக்கா."

அவர் என்னையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு வாளியை வாங்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். "கொண்டுபோய்க் காய வையும்மா. ரொம்ப நனைஞ்சிருக்கு."

துடைத்து மறுபடி ஜன்னலில் நிறுத்தினேன். அதனால் லீவு போட்டுக்கொண்டு நீ இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீடு நிறைந்துதான் இருக்கிறது என்று அப்பா எழுதச் சொன்னார். அத்தை உனக்கு ஆசியும் எனக்குத் திட்டும் சொல்லியிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் வாயில்லாப்பூச்சி

பி.கு.: அப்பா தபால்தலை வாங்கப் போயிருக்கும்போது இதை எழுதுகிறேன். ஜன்னலை இன்று காலையே காலி செய்துவிட்டேன். நேற்று மாலை வேலை முடிந்து வரும்போது அப்பா தெருவிலிருந்தே சிவப்பைப் பார்த்திருக்கிறார். செருப்போடு கூடத்துக்குள் ஓடிவந்து, "எப்ப வந்தா?" என்று கேட்டார். அத்தைதான், "அது என் தலகாணிண்ணா" என்றாள். அப்பா வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினார். ஒரு ஜோடி செருப்பைக் கழற்ற யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது, அக்கா. நீ வா.