நாற்காலி பிடித்த மாத்திரை

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சக்கரம் என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிழை. தலைசிறந்தது நாற்காலி. சக்கரம் ஓடும். ஓடுகிற எதுவும் ஒருநாள் எங்காவது போய்ச் சேர்ந்து தொலைக்கும். நாற்காலிக்கு அந்த ஆபத்து இல்லை. இந்த மகத்தான உண்மையைத் தம் உடம்பாலேயே நிரூபித்தவர் திரு. கைலாசநாதன்.

மதுரை காளவாசலில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் உபரிநீர்ப் பகிர்மான ஒருங்கிணைப்பு அலுவலகம் 'இயங்கி' வருகிறது. அதன் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு மதகு. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீரைக் கண்மாய்க்குத் திருப்பிவிடுகிற மதகு. அதைத் திறக்க அலுவலகத் தலைவரின் ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்தை நான்கு ஆண்டுகளாக ஒரு சொட்டு மை சிந்தாமல் காத்து வந்தார் கைலாசநாதன். திறந்தால், ஏன் திறந்தாய் என்று கேட்க மேலே ஆள் உண்டு. திறக்காவிட்டால் கேட்பவர்கள் விவசாயிகள் மட்டும்தான். அவர்களுக்கென்று "பரிசீலிக்கப்படும்" என்ற அருமையான சொல் தமிழில் இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு பகை இருந்தது. வெளியே அல்ல, உள்ளே. அவருடைய சிறுநீர்ப்பை.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அது அவரை எழுப்பிவிடும். சாதாரண மனிதன் என்றால் எழுந்து போய்விட்டு வருவான். ஆனால் அலுவலக நடைமுறைக் குறிப்பில் ஒரு விஷமமான விதி இருந்தது: தலைவர் இருக்கையில் இல்லாதபோது, அவசரக் கோப்புகளில் அடுத்த நிலையில் உள்ளவர் கையெழுத்திடலாம். அடுத்த நிலையில் இருந்தவர் உதவிப் பொறியாளர் தமிழ்வாணி. வேலை செய்கிற கெட்ட பழக்கம் உள்ளவர். ஒரு செவ்வாய்க்கிழமை, கைலாசநாதன் கழிப்பறையில் இருந்த நான்கு நிமிடத்தில் அவர் ஒரு கோப்பில் கையெழுத்திட்டுவிட்டார். மதகின் துருப்பிடித்த ஷட்டருக்குக் கிரீஸ் போடப்பட்டது. மதகு 'திறக்கக்கூடிய' நிலையை அடைந்துவிட்டது.

கைலாசநாதனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே டாக்டரிடம் போனார். பையை அடக்கி வைக்கும் மாத்திரை, தினம் ஒன்று என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர். தமக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று என்று இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார் கைலாசநாதன்.

பலன் கண்கூடு. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் எழுந்தார். வேறு சில சிறப்புகளும் வந்து சேர்ந்தன. வாய் உலர்ந்தது. கண் உலர்ந்தது. வெயில் மண்டையைப் பிளக்கும் அறையில், மின்விசிறி நின்ற நேரத்திலும், அவர் உடம்பில் ஒரு துளி வியர்வை இல்லை. முகம் மட்டும் பழுத்த தக்காளியாகச் சிவந்திருந்தது. கருவிழிக்குள் கண்பாப்பா பெரிதாகி, கிட்டத்தில் இருந்த எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மனுக்களைப் படித்துப் பழக்கமில்லாததால் அதில் அவருக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. "சாருக்கு ஈரமே இல்லாமப் போச்சு" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஏதோ இப்போதுதான் போனது போல.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை ஒச்சாயி வந்தார். கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். இது அவருடைய பதினேழாவது வருகை. கையில் ஒரு பிடி நாற்று. நுனியெல்லாம் பழுத்திருந்தது.

"சார், கால்வா நெறையத் தண்ணி சும்மா போகுது. வெள்ளிக்கெழமைக்குள்ள மதகத் திறந்துவிட்டாப் பொழைச்சுக்குவோம். இல்லேன்னா நாத்து அம்புட்டும் கருகிரும்."

கைலாசநாதன் கம்பீரமாக வாயைத் திறந்தார். "பரிசீலிக்கப்படும்" என்பது அவர் ஆயிரம் முறை சொன்ன சொல். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ப... க்க..." என்று ஏதோ கரகரத்தது. கடைசியில் "படும்" மட்டும் வெளியே வந்தது.

"படுறது நாங்கதானே சார்" என்றார் ஒச்சாயி. "நாங்க படுறதத்தான் சொல்ல வந்தேன்."

அந்த நேரத்தில் உள்ளே வந்தாள் பிரியம்வதா. கைலாசநாதனின் அக்கா மகள். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்துகிறாள். மாமா வீட்டிலும் கழிப்பறைப் பக்கம் போவதே இல்லை என்று அவர் மனைவி சாவித்ரி அத்தை அழுததால் புறப்பட்டு வந்திருந்தாள். மாமாவின் முகத்தையும் கண்ணையும் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த மாத்திரை அட்டையையும் பார்த்தாள்.

"எத்தனை போடுறீங்க மாமா?"

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

பிரியம்வதா தலையில் அடித்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தாள். "நரம்பு நுனியில அசிட்டைல்கோலின்னு ஒண்ணு சுரக்கும். வேலைக்காரன்னு வச்சுக்கங்க. பையில, வாயில, கண்ணுல எல்லாம் அவன் வந்து உக்காரதுக்குன்னே ஏற்பின்னு ஒரு நாற்காலி இருக்கும். அவன் உக்காந்தாத்தான் எச்சில் ஊறும், வேர்க்கும், பை சுருங்கும்."

"மாத்திரை?" என்றார் கைலாசநாதன். ஆர்வத்தில் நாக்கே பிரிந்துவிட்டது.

"மாத்திரை போய் அந்த நாற்காலியில உக்காந்துக்கும்."

"உக்காந்து?"

"ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. சும்மா உக்காந்திருக்கும். அதுவும் வேலை செய்யாது, வேலை செய்ய வந்தவனையும் உக்கார விடாது. அவ்வளவுதான் மாமா அதோட வேலை."

கைலாசநாதன் நெகிழ்ந்துபோனார். அழுதிருப்பார், கண்ணீர் வரவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு சர்வீசில் தம்மை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒரு ஜீவனை அவர் சந்தித்ததில்லை. அட்டையை எடுத்துச் சட்டைப்பையில், இதயத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பெஞ்சில் இருந்த ஒச்சாயிக்கு வேறு கவலை. "தாயி, அத எந்திரிக்க வைக்கிறதுக்கு வழியே கெடையாதா?"

"இருக்கும்மா. ஒரு நாள்ல அதுவாவே சிறுநீரோட வெளியே போயிரும். அதுக்கு முன்னாடியே எழுப்பணும்னா, வேலைக்காரங்க எண்ணிக்கையக் கூட்டணும். கூட்டமா வந்து நாற்காலியச் சுத்தி நெருக்குனா, ஒரு கட்டத்துல மாத்திரை எடத்த விட்டுரும்."

"எம்புட்டுப் பேரு வேணும்?"

"நிறைய" என்றாள் பிரியம்வதா, பாடத்தில் வந்த கேள்வி என்று நினைத்து.

வியாழக்கிழமை இரவு சாவித்ரி மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். வெள்ளிக்கிழமை காலை கைலாசநாதன் வெறும் மனவலிமையை நம்பி நாற்காலியில் அமர்ந்தார்.

பதினோரு மணிக்கு மூன்று லோடு ஆட்டோக்கள் வந்து நின்றன. கோஷம் இல்லை, கொடி இல்லை. ஒச்சாயியின் பின்னால் நாற்பத்து மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார்கள். எல்லோர் கையிலும் ஒரு பிடி நாற்று. மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"என்ன இது? யாரு நீங்கல்லாம்?" என்றார் கைலாசநாதன்.

"வேலைக்காரங்க சார்" என்றார் ஒச்சாயி. "கொஞ்சம் ஒதுங்கி உக்காருங்க, இன்னும் ஆள் வருது."

நெருக்கம் கூடியது. ஒரு பெரியவர் தாகத்துக்குக் குடத்தில் கொண்டுவந்த தண்ணீரைச் சொம்பில் ஊற்ற, அது கலகலவென்று நிதானமாக விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் இன்னொரு சொம்பு கேட்டார். அவருக்கும் நிதானமாக ஊற்றினார். கைலாசநாதன் காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றிப் போட்டார். நெற்றியில் வியர்வை அரும்பியது. வேலைக்காரர்கள் உள்ளே தத்தம் இருக்கைகளில் அமர ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது சொம்பில் அவர் எழுந்தார்.

கூட்டம் பண்போடு வழிவிட்டது.

காலியான நாற்காலியில் தமிழ்வாணி உட்கார்ந்தார். விதியைச் சத்தமாக ஒருமுறை வாசித்தார். கையெழுத்திட்டார். மதகடியில் காத்திருந்த தன் ஊர்க்காரன் காளையிடம் செல்போனில், "ஏத்துப்பா ஷட்டர" என்றார் ஒச்சாயி. காளவாசலிலும் கால்வாயிலும் இரண்டு மதகுகள் ஒரே நேரத்தில் திறந்தன.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்த கைலாசநாதனின் கண்கள் ஈரமாக இருந்தன. மனம் மாறிவிட்டார் என்று நினைத்து ஓரிருவர் கைகூப்பினார்கள். அது வெறும் சுரப்பியின் வேலை. அவர் தமிழ்வாணி எழுந்த கையோடு நாற்காலியில் அமர்ந்து, குஷனைச் சரிசெய்து, மேஜையில் கிடந்த அடுத்த மனுவை எடுத்தார். படிக்காமலே எழுதினார்: "பரிசீலிக்கப்படும்."

மாமாவைப் பார்க்க வந்திருந்த பிரியம்வதா, படியிறங்கும்போது ஒச்சாயியிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்: "மாமா நல்லவர்தான்மா. எல்லாம் அந்த மாத்திரையால வந்தது."

"மாத்திரையக் குத்தம் சொல்லாத தாயி" என்றார் ஒச்சாயி. "அது ஒரு நாளு உக்காந்திருந்துட்டு, மறுநாளு மூத்திரத்தோடயாச்சும் வெளியேறிப் போயிருது. அம்புட்டு ரோசம் இருக்கு அதுக்கு."